லகாட் லயத்தில் ஒரு சுவரை உரித்தோம்

ஈப்போவுக்குப் போய் வந்தேன் என்றால் எல்லோரும் கேட்பது இரண்டே கேள்விதான். முளைப்பயறோடு தரும் தவுகே கோழி எந்தக் கடையில் சாப்பிட்டாய், வெள்ளைக் காப்பி வாங்கி வந்தாயா? இந்த முறை இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை. தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கையில், முறுக்கு பிழிய வேண்டிய வார இறுதியை விட்டுவிட்டு நான் போனது ஒரு சுவரைப் பார்க்க. வீட்டுக்காரரிடம் சொன்னபோது, "சொவரு நம்ம வீட்டுலயே நாலு பக்கமும் இருக்கே" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அவர் கௌசல்யாவைப் பார்த்ததில்லை.

நான் பார்த்தது கோலாலம்பூரில், ஒரு சின்ன ஓவியக் கூடத்தில். கலை ஆர்வத்தால் உள்ளே போனேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் வெளியே மழை, எனக்கு அவசரமாகக் கழிப்பறை தேவைப்பட்டது. திரும்பி வரும் வழியில் ஒரு நீள மேசை. அதன் மேல் ரோசா நிறத்தில் பிடிகொழுக்கட்டை மாதிரி வரிசையாக ஏதோ இருந்தது. குனிந்து பார்த்தால் ஒவ்வொன்றிலும் விரல் அழுந்திய பள்ளம். ரப்பர் தோட்டங்களில் பால் மரம் சீவிய பழைய ஆட்களைத் தேடிப் போய், கையில் மெழுகைக் கொடுத்து, சீவுகிற உளியைப் பிடிப்பது போலப் பிடிக்கச் சொல்லி வாங்கிய அச்சுகள் அவை. உளி எங்கும் இல்லை. பிடி மட்டும் இருந்தது. ஒரு பிடியில் சுண்டுவிரலுக்கான பள்ளமே இல்லை.

தொடாதீர்கள் என்று எழுதியிருந்தது. நான் தொட்டேன். ஒரு பிடிக்குள் என் கையை வைத்து மூடிப் பார்த்தபோது பின்னாலிருந்து ஒரு குரல், "அக்கா, எந்த வெரலு உள்ள போகல?" என்றது. திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதுதான் கௌசல்யா. நாற்பதைத் தாண்டியவர், ஒல்லி, பேசும்போது நம் வாயையே பார்ப்பார். ஏன் என்று பிறகுதான் புரிந்தது. ஈப்போவில் பல் செட்டு செய்யும் கூடத்தில் அவருக்குப் பதினைந்து வருட வேலை. கிளம்பும்போது, அடுத்த மாதம் லகாட் பக்கம் ஒரு லயத்தில், எஸ்டேட் தொழிலாளர்களின் பழைய வரிசை வீட்டில், சுவர் எடுக்கப் போகிறேன், வருகிறீர்களா என்று கேட்டார். சுவரை எப்படி எடுப்பார்கள் என்று கேட்கக்கூடத் தோன்றாமல் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

கிள்ளானிலிருந்து வருகிறவர்களுக்கு முதலில் பயண விவரம். காரில் போகாதீர்கள், நெடுஞ்சாலை நெரிசலில் பாதி உயிர் போய்விடும். கே.எல். சென்ட்ரலில் காலை ரயிலைப் பிடித்தால் ஏறக்குறைய இரண்டரை மணி நேரத்தில் ஈப்போ. எனக்கு டிக்கெட் நாற்பத்திரண்டு வெள்ளி, அதாவது ரிங்கிட், ஆனது. பண்டிகை நேரத்தில் முன்பே எடுத்துவிடுங்கள். ரயிலில் குளிர் அதிகம், சால்வை அவசியம். ஈப்போ நிலையத்திலிருந்து குனோங் ராபாட் ஏழு கிலோமீட்டர் இருக்கும், கிராப் வாடகை வண்டிக்குப் பதினோரு வெள்ளி. நான் பழைய நகரில் ஒரு கடைவீட்டு விடுதியில் தங்கினேன். இரவுக்கு நூற்றுப் பத்து வெள்ளி, சன்னல் இல்லாத அறை. சன்னல் வேண்டுமென்றால் இருபது வெள்ளி கூடுதலாம். சன்னலுக்கு வெளியே தெரிவது அடுத்த கடையின் ஏர்கான் பெட்டி என்பதால் நான் பணத்தை மிச்சம் பிடித்தேன்.

குனோங் ராபாட்டில் தாமான் குடியிருப்பு வீடுகளின் கூரைக்குப் பின்னாலேயே சுண்ணாம்பு மலை நிற்கும். அங்கே இருப்பவர்கள் அதைத் திரும்பியும் பார்ப்பதில்லை, துணி காயப்போடுவதிலும் மோட்டார் சைக்கிளை நிறுத்த இடம் தேடுவதிலும் மும்முரமாக இருப்பார்கள். தெருமுனையில் சீனர் பிஸ்கட் சுடும் வாசம். கௌசல்யாவின் வரிசைக்குள் வண்டி திரும்பியதும் அந்த வாசம் போய் வேறொன்று வந்தது. கிராப் ஓட்டிய தம்பி மூக்கைச் சுளித்து, "அக்கா, இங்க பூனை ஏதும் செத்துக் கெடக்கா?" என்று கேட்டார். பூனை இல்லை, அமோனியா. பால் மரத்துப் பால் உறைந்து போகாமலிருக்க அதைக் கலப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் கௌசல்யாவை இன்னும் துரத்தாமல் வைத்திருப்பது அவர்களுடைய நல்ல மனது.

வீட்டுக் கூடத்தில் உட்கார இடமில்லை. சோபா இருக்க வேண்டிய இடத்தில் அவருடைய முதல் வேலையான 'பட்டை' நின்றது. கைவிடப்பட்ட பால் மரங்களின் சீவிய பக்கத்தைப் பல் கூடத்து மாவில் அச்செடுத்து ஆளுயரப் பலகைகளாக நிறுத்தியிருக்கிறார். நல்ல கை சீவிய இடம் வழவழப்பாக இறங்குகிறது. அவசரக் கை பட்ட இடம் முடிச்சு முடிச்சாக வீங்கியிருக்கிறது. என் அப்பாவும் மரம் சீவியவர்தான். அவர் சீவிய மரம் எப்படி இருந்திருக்கும் என்று அதுவரை நான் ஒரு நாளும் யோசித்ததில்லை என்பது அந்தக் கூடத்தில் நின்றபோது உறைத்தது.

இந்த யோசனையெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். பெரிய பதிலாக எதிர்பார்த்தேன். அவர் ஒரு தையல்காரரைப் பற்றிச் சொன்னார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருவருடைய பல் அச்சு வந்ததாம். முன்பல்லில் நடுவாக ஒரு சின்னப் பள்ளம். உடைசலா, சொத்தையா என்று யாருக்கும் புரியவில்லை. பிறகு தெரிந்தது, காலமெல்லாம் நூலைப் பல்லில் கடித்தே அறுத்தவர் அவர்.

"அவரு போட்டோவ நானு பாத்ததே இல்லக்கா. ஆனா அவரு என்னா வேல செஞ்சாருன்னு அந்த அச்சு சொல்லிருச்சு. போட்டோவுல மூஞ்சிதான் தெரியும் லா. அச்சுல ஆளு தெரிவாரு."

அதற்குப் பிறகு அவர் கண்ணில் பட்டதெல்லாம் அச்சாகத்தான் தெரிந்திருக்கிறது. மரத்துக்கு மாவு, கைக்கு மெழுகு. மூன்றாவதாக வீட்டுக்கு என்ன என்று யோசித்தபோது பால் என்று தோன்றியதாம். சுவரில் பாலைப் பூசி, நைந்த வேட்டித் துணியை அதன் மேல் ஒட்டி, திரும்பவும் பாலைப் பூசிக் காயவைத்து உரித்தால், சுவரில் இருப்பது தோலோடு வந்துவிடும். சொல்லும்போது இட்லித் துணியை உரிப்பது போல எளிதாகத்தான் இருந்தது. ஏற்கெனவே இரண்டு எஸ்டேட்டுகளில் செய்து தோற்றிருக்கிறார். ஒன்றில் தோல் நடுவில் கிழிந்தது. இன்னொன்றில் வெறும் தூசியும் சிலந்தி வலையும்தான் ஒட்டிக்கொண்டு வந்தன, சுண்ணாம்பு சுவரிலேயே நின்றுவிட்டது.

இப்போது மிச்சமிருப்பது லகாட்டைத் தாண்டி ஒரே ஒரு லயம். எஸ்டேட்டின் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பால் மரம் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்து, இப்போது வீடமைப்புக்காக நிலம் கைமாறிவிட்டது. செவ்வாய்க்கிழமை இடிக்கும் இயந்திரம் வருகிறது, அதுவரை உள்ளே போக அனுமதி. டிசம்பரில் பழைய நகரில் ஒரு கடைவீட்டு மாடி கண்காட்சிக்குக் கிடைத்திருந்தது. மரம் இருக்கிறது, கை இருக்கிறது, வீடு இல்லாமல் அவற்றை வைக்கப் போவதில்லை என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். இந்தச் சுவரும் வராவிட்டால் மாடியைத் திருப்பிக் கொடுத்துவிடுவாராம்.

கைப்பேசியில் அந்தச் சுவரின் படத்தைக் காட்டினார். இரண்டு வாரத்துக்கு முன் எடுத்தது. கூடத்துச் சுவர், சாமி மாடத்துக்கு மேலே விளக்குப் புகை, ஓரத்தில் பிள்ளைகள் வளர வளரக் கரியால் போட்ட கோடுகள். அவர் விரலால் பெரிதாக்கிக் காட்டியது வேறு. தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் பழுப்பாக மூன்று வட்டங்கள். கீழே உட்கார்ந்து சுவரில் தலை சாய்த்து டிவி பார்த்தவர்களின் தலை எண்ணெய். அந்த மூன்று வட்டத்துக்காகத்தான் அந்தச் சுவர் வேண்டும் என்றார். சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று கேட்க நினைத்திருந்த நான் அதை மறந்தே போனேன்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஒரு மாமாக் கடையில், தமிழ் முஸ்லிம் உணவகத்தில், ரொட்டி சானாயும் தே தாரேக் டீயும் முடித்துக்கொண்டு கிளம்பினோம். கௌசல்யாவின் பழைய வேனில் பால் டின்கள், ஏணி, வேட்டிகள், ஏழெட்டு டின் முகப்பவுடர். பவுடர் எதற்கு என்று கேட்டதற்குச் சிரித்தார். குனோங் ராபாட்டிலிருந்து அந்த இடம் இருபத்தைந்து கிலோமீட்டர், முக்கால் மணி நேரப் பயணம். லகாட் பட்டணத்தைக் கண்ணிமைத்தால் தவறவிடுவீர்கள். ஈயம் தோண்டிய லம்பமாக, சுரங்கமாக இருந்த குட்டைகள் இப்போது மீன்பிடிப்பவர்களுக்கு. அதைத் தாண்டிச் செம்மண் பாதையில் இறங்கினால் சிக்னலும் போய்விடும், கவனம்.

லயத்தின் முன்னால் ஒரு லாரி நின்றது. அதன் நிழலில் தனபாலன் அண்ணே காத்திருந்தார். ஐம்பத்தெட்டு வயது, லாரி ஓட்டுகிறார். அந்தச் சுவர் அவருடைய வீட்டுச் சுவர்தான். பிறந்தது அங்கே, ஐந்து வருடம் முன்பு லகாட் அடுக்குமாடிக்கு மாறிப் போகும்வரை வாழ்ந்ததும் அங்கே. வெள்ளைச் சட்டை போட்டுத் தலை சீவி, கல்யாணத்துக்கு வந்த மாதிரி நின்றார். ஒரு பையில் வடை, பிளாஸ்டிக் உறையில் காப்பி. எங்களைச் சாப்பிடவிடாமல் முதலில் உள்ளே வாங்க என்று அழைத்துப் போனார்.

உள்ளே நுழைந்ததும் பெயிண்ட் வாசம் அடித்தது.

கூடத்துச் சுவர் முழுக்கப் பளபளவென்று இளநீலம். கரிக்கோடு இல்லை, புகை இல்லை. மூன்று வட்டங்கள் இருந்த இடத்தில் நீலம் மற்ற இடத்தைவிட ஒரு சுற்று கூடுதலாகவே இருந்தது. முதல் நாள் சனிக்கிழமை முழுக்க வேலைக்கு லீவு போட்டுவிட்டுத் தனியாக அடித்திருக்கிறார். நாங்கள் பேச வேண்டும் என்று அவர் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. நான் வாயைத் திறப்பதற்குள் கௌசல்யா என் முழங்கையைப் பிடித்து அழுத்தினார். பல் கூடத்து ஆட்களுக்கு விரலில் நல்ல பலம்.

"நல்லா இருக்குண்ணே," என்றார் அவர். குரல் மட்டும் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது. "நீலந்தான் எப்பவுமேவா?"

அண்ணனுக்கு அது போதுமாக இருந்தது. எஸ்டேட்டில் தீபாவளிக்குத் தீபாவளி வெறும் வெள்ளைச் சுண்ணாம்புதான் கொடுப்பார்களாம். இவருடைய அம்மா அதில் துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்துவிடுவார். லயத்திலேயே இந்த வீடு மட்டும் நீலம். பிறகு கடையில் பெயிண்ட் வாங்க ஆரம்பித்தும் சில வருடம் ரோசா, சில வருடம் பச்சை என்று போய் மறுபடியும் நீலத்துக்கே வருவார்களாம். அம்மா இறந்த வருடத்தோடு அடிப்பதை நிறுத்திவிட்டார்.

"ஒரே தொல்ல என்னான்னா அந்த எண்ணெக் கறதான். அப்பா ஒரு எடம், அம்மா ஒரு எடம், நானு கதவுப் பக்கம். எத்தன வாட்டி அடிச்சாலும் பொங்கலுக்குள்ள திரும்ப வந்துரும். அம்மா திட்டிக்கிட்டே இருப்பாங்க. இந்த வாட்டி நானு விடல, அந்த மூணு எடத்துல மட்டும் ரெண்டு கோட்டு போட்டேன்."

எதற்காக இவ்வளவு சிரமப்பட்டீர்கள் அண்ணே, செவ்வாய்க்கிழமை இடிக்கத்தானே போகிறார்கள் என்று நான் கேட்டுவிட்டேன். குத்தலாகத்தான் கேட்டேன். அவர் அதைக் குத்தலாக எடுத்துக்கொள்ளவில்லை.

"மனுசன் செத்தாலே குளுப்பாட்டி, புதுத்துணி போட்டுத்தான அனுப்புறோம். இது நாங்க இருந்த வீடுக்கா. அழுக்கோடயா அனுப்புறது?"

கௌசல்யா வெளியே போய்க் குழாயடியில் முகம் கழுவினார். அந்தக் குழாயில் தண்ணீர் நின்று வருடக் கணக்காகிறது, வேனிலிருந்த போத்தல் தண்ணீரில்தான் கழுவினார். நான் பின்னாலேயே போய், அண்ணனிடம் உண்மையைச் சொல்லிவிடலாம், பாதி பெயிண்டையாவது சுரண்டிப் பார்க்கலாம் என்றேன். தலையை ஆட்டினார்.

"பல்லு அச்சு எடுக்க வாறவங்க எல்லாம் நல்லா பல்ல வெளக்கிட்டுத்தான்கா வருவாங்க. வெளக்காம வாங்கன்னு நானுதான் முன்னயே சொல்லிருக்கணும். சொவரு எடுக்க வாறேன்னு மட்டும் சொன்னேன். தப்பு எம்மேலதான்."

சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் முதல் டின்னைத் திறந்தார். நான் இவரைப் பற்றி எழுத முடிவு செய்தது அந்த நேரத்தில்தான். இரண்டு வருட உழைப்பு கண் முன்னே நீலமாகிப் போயிருந்தது. அதைச் செய்தவரின் மனம் நோகாமல் இருப்பது அவருக்கு அதைவிடப் பெரிதாக இருந்தது. எனக்கு அந்தப் பொறுமை வராது. என் வீட்டுக்காரரிடம் கேட்டால் சாட்சி சொல்வார்.

பால் பூசுவது சுலபமில்லை. அமோனியாவில் கண் எரிந்து கண்ணீர் வழியும், தூரிகை நிமிடத்துக்கு ஒருமுறை கட்டி தட்டும். முதல் பூச்சு காய்ந்து மஞ்சளாகும்வரை வடை சாப்பிட்டோம். வேட்டித் துண்டுகளை ஒட்டுவது என் வேலை. சுருக்கம் விழாமல் ஒட்டத் தெரியவில்லை என்று இரண்டு முறை திட்டு வாங்கினேன். மூன்று மணிக்கு வானம் இருட்டியது. கூரையில் பாதித் தகரம் இல்லை. தனபாலன் அண்ணே யாரும் கேட்காமலே லாரியின் தார்ப்பாயை அவிழ்த்துக்கொண்டு கூரையில் ஏறிவிட்டார். மழை வெளுத்து வாங்கியது. ஒரு மணி நேரம் தார்ப்பாயின் ஒரு முனையை அவர் பிடித்தார், மறுமுனையை நாங்கள் இருவரும் பிடித்தோம். வெள்ளைச் சட்டை போன இடம் தெரியவில்லை. சுவரில் ஒரு சொட்டுக்கூட விழவில்லை.

ஞாயிறு மாலை ரயிலுக்கு எடுத்திருந்த டிக்கெட்டை விட்டுவிட்டு இன்னோர் இரவு தங்கினேன். வீட்டுக்கு அழைத்துச் சொன்னபோது, சுவரா உனக்கு முக்கியம் என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். வரும் என்ற நம்பிக்கையில் தங்கவில்லை, வராது என்றுதான் நினைத்தேன். வராதபோது கௌசல்யா தனியாக அங்கே நிற்க வேண்டாம் என்று தோன்றியது.

திங்கள் காலை பத்து மணிக்கு உரிக்கத் தொடங்கினோம். தனபாலன் அண்ணே அன்றும் வந்துவிட்டார், இந்த முறை பழைய பனியனில். மேல் மூலையில் கௌசல்யா நகத்தால் கிளப்பி மெல்ல இழுத்தார். அண்ணே ஏணியில் நின்று தாங்கிக்கொண்டார். உரிந்த பக்கம் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்கப் பவுடர் அடிப்பது என் வேலை, அத்தனை டின்னும் அதற்குத்தான். லயம் முழுக்கக் கல்யாண வீட்டு வாசம். ஒரு முழம் இறங்கியதும் கௌசல்யா நிறுத்திவிட்டார். பவுடரை ஊதிவிட்டு உரிந்த பக்கத்தைப் பார்த்தார். திரும்ப ஊதினார்.

நீலம் இல்லை. சுண்ணாம்பு வந்திருந்தது.

முந்தைய லயத்தில் தூசியாக உதிர்ந்து சுவரிலேயே நின்ற அந்தச் சுண்ணாம்பு, புது பெயிண்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அடியோடு கிளம்பி வந்துவிட்டது. பாலோடு பெயிண்ட், பெயிண்டோடு பச்சை, பச்சையோடு ரோசா, அதனோடு அம்மா கரைத்த நீலம், எல்லாவற்றுக்கும் முன்னால் எங்களைப் பார்த்தபடி எஸ்டேட் கொடுத்த முதல் வெள்ளை. நேற்று அடித்தது பின்னால் போய்விட்டது, முதன்முதலில் அடித்தது முன்னால் வந்துவிட்டது. உதிர்ந்த இடங்களில் மற்ற நிறங்கள் எட்டிப் பார்த்தன. கௌசல்யா ஊதுவதை நிறுத்திவிட்டு மறுபடியும் மெல்ல இழுக்கத் தொடங்கினார்.

இடுப்பு உயரத்துக்குக் கீழே இறங்கியபோது அது நடந்தது. வெள்ளைக்கு நடுவே சட்டென்று ஒரு வட்டம், வழவழப்பான புது நீலம். கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அப்புறம் மூன்றாவது. எண்ணெய் ஊறிய இடத்தில் பெயிண்ட் பிடிக்கவில்லை. அங்கே மட்டும் சுண்ணாம்பு வராமல் பெயிண்ட் தனியாகக் கழன்று வந்திருக்கிறது. மறைக்க வேண்டும் என்று இரண்டு பூச்சு அடித்த அதே மூன்று இடமும் சுவர் முழுவதிலும் கண்ணில் அறைகிற மாதிரி நின்றன.

தனபாலன் அண்ணே ஏணியிலிருந்து இறங்கி வந்து பார்த்தார். அவர் வருத்தப்படுவாரோ என்று நான் பயந்தேன். அவர் ஒவ்வொன்றாகக் கை காட்டினார். அப்பா, அம்மா என்றார். மூன்றாவதைக் காட்டாமல், கதவு இந்தப் பக்கமல்லவா இருக்க வேண்டும் என்றார். அச்சில் இடம் வலமாகத் திரும்பிவிடும் என்று கௌசல்யா விளக்கினார். பிறகு கைப்பேசியை எடுத்து, பெயிண்ட் அடிக்கும் முன் எடுத்த பழைய படத்தையும் காட்டினார். இப்போதுதான் காட்ட முடியும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். அண்ணே வெகு நேரம் படத்தைப் பார்த்தார்.

"அப்ப நீங்க கேட்டது இந்தக் கறயத்தானா? நானு அடிச்சது தப்பாப் போச்சா?"

"நீங்க அடிக்கலன்னா இது வந்தே இருக்காதுண்ணே. ரெண்டு எடத்துல தோத்துட்டுத்தான் இங்க வந்தேன்."

ஆறுதலுக்குச் சொன்னதல்ல அது. முன்பு எடுத்த கிழிசலையும் தூசித் தோலையும் நான் அவர் வீட்டில் பார்த்திருக்கிறேன். அண்ணனுக்கும் அது புரிந்தது போலிருந்தது. தோலை ஒரு நீளக் குழாயில் சுருட்டி முடித்த பிறகு திரும்பிப் பார்த்தால், வெறும் செங்கலும் திட்டுத் திட்டாகச் சுண்ணாம்பும் நிற்கும் சுவரில் அந்த மூன்று பழுப்பு வட்டங்களும் அப்படியே இருந்தன. அவர் கதவுப் பக்கம் போய், தரையில் உட்கார்ந்து, தன் இடத்தில் தலையைச் சாய்த்தார். எதிரே டிவி இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் வெளியே வந்து வேனில் சாமான்களை ஏற்றினோம். மெதுவாகவே ஏற்றினோம்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். லயத்தைத் தேடிப் போகாதீர்கள், இப்போது அங்கே ஒன்றும் இல்லை. மற்ற எஸ்டேட்டுகளிலும் அனுமதி இல்லாமல் நுழையாதீர்கள், கூரைகள் எப்போது விழும் என்று தெரியாது. லகாட் பக்கம் போவதானால் போக வர ஒரே வண்டியைப் பேசிக்கொள்ளுங்கள், திரும்புவதற்குக் கிராப் கிடைக்காது. ஈப்போவில் ஆண்டுக் கடைசியில் பிற்பகல் மழை நிச்சயம், ஊர் சுற்றுவதைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். புந்தோங்கில் கச்சான் பூத்தே கடலைப் பொட்டலம் வாங்காமல் திரும்பாதீர்கள். நான் ஐந்து பொட்டலம் வாங்கினேன், வீட்டில் கோபம் பாதியாகக் குறைந்தது.

கண்காட்சி டிசம்பரில் சொன்னபடி திறந்தது. பழைய நகரில் செங்குத்தான மரப்படி ஏறிப் போக வேண்டும், முட்டி வலி உள்ளவர்கள் கைப்பிடியை விடாதீர்கள். கட்டணம் இல்லை. மரம், கை, பிறகு உள்ளறையில் வீடு. தோலின் பக்கத்தில் உள்ள சின்னப் பலகையில் இரண்டு பெயர்கள்: எடுத்தவர் கௌசல்யா, வர்ணம் தனபாலன். கண்காட்சியில் தொடக்கூடாது என்று எழுதாத ஒரே வேலை அதுதான். அடியில் பாய் விரித்திருக்கிறார், யாரும் உட்கார்ந்து தலை சாய்க்கலாம். அழுக்காகிவிடாதா என்று கேட்டேன். ஆகட்டும் என்றார்.

நான் அம்மாவின் இடத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை போகிறவர்கள் கதவுப் பக்கத்து இடத்தை மட்டும் விட்டுவிட்டு உட்காருங்கள். அங்கே வாரம் தவறாமல் ஒருவர் வந்து உட்காருகிறார். பொங்கலுக்கு இன்னும் நாள் இருக்கிறது, அதற்குள்ளாகவே அந்த நீலத்தில் லேசாக எண்ணெய் ஏறிவிட்டது.